பீர்மேட்டில் மேனாட்டார் எழுப்பிய மனைகள்

மும்பையில் விக்டோரியா என்று வழங்கிய பெரும் புகைவண்டி நிலையத்தையும், கொல்கத்தாவில் விக்டோரியா நினைவு மண்டபத்தையும் கண்டு பழகிய அன்பர்களுக்கு, மேனாட்டுக் கட்டடக் கலை என்றதும் ஓங்கிய கோபுரங்களும் சலவைக்கல் மாடங்களுமே நினைவில் எழும். இன்று நாம் காணச் செல்வன அவற்றின் எளிய உறவினர். கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில், ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில், மழைக்கும் மூடுபனிக்கும் நடுவே நிற்கும் சில வீடுகள், ஒரு சிறு ஆலயம், தகரம் போர்த்த தொழிற்சாலைகள். ஊரின் பெயர் பீர்மேடு.

அப்பெயரே ஒரு வரலாறு உடையது. தக்கலையில் அடங்கியுள்ள தமிழ்ச் சூபி ஞானி பீர்முகம்மது இம்மலையில் தவம் இயற்றினார் என்பது வழிவழிச் செய்தி. வெள்ளையர் வந்து வீடு கட்டுமுன்பே மேட்டுக்கு ஒரு தமிழ்ப் புலவரின் பெயர் அமைந்துவிட்டது என்பதை மறவாமல் மேலே செல்வோம்.

திருவிதாங்கூரை ஆயில்யம் திருநாள் ஆண்ட காலம், 1860 முதல் 1880 வரை. மாதவராவ் திவானாக இருந்த அந்நாட்களில் மலைநிலங்கள் காப்பிப் பயிருக்குத் திறந்துவிடப்பட்டன. சமயப் பணிக்கு வந்த ஹென்றி பேக்கர் என்பார் மலைக்கு வழி கண்ட முன்னோடிகளுள் ஒருவர். குட்டிக்கானத்தை அடுத்த பள்ளிக்குன்றில் புனித ஜார்ஜ் ஆலயத்தை 1869இல் நிறுவியவர் அவரே. ஆலயம் சிறிது. அதை ஒட்டிய கல்லறைத் தோட்டமே நின்று பார்க்கத் தக்கது. கடல் கடந்து வந்து மலையிலேயே மடிந்த தோட்டத் துரைமார்களும் அவர்தம் குடும்பத்தாரும் அங்குத் துயில்கின்றனர். ஜே. டி. மன்றோ என்பவர் அவர்களுள் குறிப்பிடத் தக்கவர். 1877இல் பூஞ்ஞாற்று அரசரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளுக்கு உரிமை பெற்றவர் அவர். அவருடைய குதிரை டௌனியும் அங்கேயே அடக்கம் செய்யப்பட்டது என்று ஊரார் சொல்வர். வருவோர் எவரும் முதலில் அக்குதிரையின் கல்லறையைத்தான் தேடுகின்றனர்!

குட்டிக்கானத்திலேயே அம்மச்சி கொட்டாரம் உள்ளது. திருவிதாங்கூரில் அரசுரிமை மருமக்கள் வழிப்பட்டது. அரசருக்குப் பின் அவர் சகோதரியின் மகனே அரியணை ஏறுவார். ஆகவே அரசரின் மனைவிக்கு அரசி என்ற பட்டம் இல்லை. அம்மச்சி என்றே அழைக்கப்பட்டார். கோடையில் அரச குடும்பம் மலையேறும்போது அவர் தங்குவதற்கு அமைந்த மனை இது. சரிந்த கூரையிலும் முகப்பிலும் ஆங்கிலேயரின் மலைவீட்டுச் சாயல் தெரியும். உட்புகுந்தால் கேரளத்து இல்லத்தின் நடுமுற்றத்தைக் காணலாம். இரண்டும் கலந்தும் உறுத்தாத அமைப்பு அது. இங்கிருந்து சுரங்கவழி ஒன்று செல்கிறது என்ற கதையும் உண்டு. பழைய அரண்மனை எதற்குத்தான் அக்கதை இல்லை!

காப்பி நிலைக்கவில்லை. 1869இல் இலங்கையில் தோன்றிய இலைத்துரு நோய் சில ஆண்டுகளில் தென்னாட்டு மலைகளையும் பற்றியது. காப்பி அழிந்த இடத்தில் தேயிலை வந்தது; தேயிலையோடு ஒரு புதுவகைக் கட்டடமும் வந்தது. தேயிலைத் தொழிற்சாலை பல அடுக்குகளாகவும், சுவரெங்கும் சாளரங்களாகவும் இருப்பது அழகு கருதி அன்று. பறித்த கொழுந்தைப் பல மணி நேரம் காற்றில் வாட்டி, அதன் ஈரத்தைக் குறைத்த பின்னரே உருட்ட முடியும். மேல்தட்டுகளில் பரப்பி வாட்டி, கீழ்த்தளத்து எந்திரங்களுக்கு இறக்குவர். இரும்புச் சட்டமும் தகரமும் மேனாட்டு முறை. கொழுந்து பறித்த கைகள் தமிழ்நாட்டினுடையவை. மதுரை, திருநெல்வேலி, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து கங்காணிமார் அழைத்துவர, அம்மக்கள் கணவாய்கள் வழியே மலையேறினர்.

அவர்கள் தங்கிய இடம் லயம். ஒரே கூரையின் கீழ், ஒரு சுவரை மறு வீட்டோடு பகிர்ந்து, வரிசையாக நிற்கும் சிறு அறைகள். லைன் என்னும் ஆங்கிலச் சொல்லே இவ்வாறு திரிந்தது என்பர். குதிரை கட்டும் லாயத்தோடு அது ஒலியால் நெருங்கி நிற்பது தற்செயலே. ஆயினும் காதில் உறுத்துகிறது. துரையின் பங்களா குன்றின் உச்சியில். கணப்பும் புகைபோக்கியும் கண்ணாடிச் சாளரமும் அதற்கு உண்டு. லயம் சரிவிலோ பள்ளத்திலோ இருக்கும். இரண்டும் ஒரே தோட்ட நிருவாகத்தின் கட்டடங்கள்தாம். ஆனால் பழஞ்சின்னங்களின் பட்டியலில் பங்களா ஏறுகிறது, லயம் ஏறுவதில்லை. இதை நான் நியாயமென்று கருதவில்லை.

காரணம் உண்டு. மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது, தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் எங்கே சேர்வது என்ற கிளர்ச்சி எழுந்தது. தமிழ்த் தொழிலாளர் வந்து போகும் மக்களே என்ற வாதம் அன்று முன்வைக்கப்பட்டது. 1956 நவம்பர் 1 அன்று செங்கோட்டையின் ஒரு பகுதியும் தெற்கே நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு சேர, இவ்விரண்டும் கேரளத்தில் நிலைத்தன. எல்லைத் தீர்ப்பை இன்று கிளறுவது நம் நோக்கமன்று. ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே அறையில் பிறந்து, அவ்வறையிலேயே மணம் முடித்து, பிள்ளை பெற்ற குடும்பத்தை வந்து போகும் மக்கள் என்று சொல்வதற்கு எதிராக லயத்தின் சுவர்களே சான்று. வெளிமாநிலத்தில் வாழும் அன்பர்களுக்கு அச்சொல்லின் கூர்மை விளங்கும்.

1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு அளிப்பதை முதலாளியின் கடமையாக்கியது. 2000ஆம் ஆண்டை ஒட்டிப் பீர்மேட்டுத் தோட்டங்கள் பல மூடப்பட்டபோது, பழுது பார்ப்பாரின்றி லயங்கள் சிதைந்தன. கூரை ஒழுகும் வீட்டை விட்டுச் செல்லவும் வழியில்லாமல், ஓய்வூதியக் கொடைத்தொகை வரும் என்று காத்திருந்தவர் பலர். தேவிகுளம் வட்டத்துப் பெட்டிமுடியில் 2020 ஆகஸ்டு 6 இரவு மலை சரிந்து லயங்களை மூடியது. எழுபது உயிர்கள் மாய்ந்தன.

ஊருக்கு வரும் அன்பர்கள் கம்பத்திலிருந்து குமுளிக்கு ஏறி, கோட்டயம் செல்லும் சாலையில் வண்டிப்பெரியாறு, பாம்பனாறு கடந்தால் பீர்மேட்டை அடையலாம். அங்கிருந்து சிறிது தொலைவில் பள்ளிக்குன்றும் குட்டிக்கானமும் உள்ளன. ஆனி, ஆடியில் மழை கடுமை. மார்கழியும் தையும் உகந்தவை. கொட்டாரத்தையும் கல்லறையையும் பார்த்த பின், சாலையோரத்து லயம் ஒன்றின் திண்ணையில் அமரும் பெரியவரிடம் அவருடைய பாட்டனார் எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேளுங்கள். ஊரின் பெயரோடு, குலதெய்வத்தின் பெயரையும் சேர்த்தே சொல்வார்.