கே. பி. ஜானகி அம்மாள்: மதுரை நாடக மேடையும் அரசியலும்

கே. பி. ஜானகி அம்மாள் (1917 – மார்ச் 1, 1992) மதுரையைச் சேர்ந்த நாடக நடிகை, பாடகி, விடுதலைப் போராட்ட வீரர், பொதுவுடைமை இயக்கத் தலைவர். 1967-இல் மதுரை கிழக்குத் தொகுதியிலிருந்து தமிழகச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அரசியல் வரலாறுகளில் அவரது நாடக வாழ்க்கை பெரும்பாலும் ஓரிரு வரிகளில் முடிந்துவிடுகிறது. ஆனால் அவரைப் பொதுவாழ்வுக்குத் தயார் செய்தது நாடக மேடைதான்.

இளமை

ஜானகி மதுரையில் எளிய குடும்பத்தில் பிறந்தார். சிறு வயதிலேயே தாயை இழந்து பாட்டியின் பொறுப்பில் வளர்ந்தார். எட்டாம் வகுப்பு வரை படித்தார். நல்ல குரல்வளம் இருந்ததால் இசை கற்றார். குடும்பத்தின் வறுமையும் பாட்டுத் திறனும் சேர்ந்து அவரை நாடகத்துக்குக் கொண்டுவந்தன. பழனியப்பா பிள்ளை பாய்ஸ் கம்பெனியில் மாதம் 25 ரூபாய் சம்பளத்தில் சேர்ந்தார்.

அக்கால மதுரை நாடகம்

ஜானகி நாடகத்தில் நுழைந்தபோது மதுரை தமிழ் நாடகத்தின் தலைநகரமாக இருந்தது. சங்கரதாஸ் சுவாமிகள் 1918-இல் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை அங்குதான் தொடங்கினார். பாய்ஸ் கம்பெனிகளில் தொடக்கத்தில் பெண் வேடங்களையும் சிறுவர்களே ஏற்றனர். பின்னர் நடிகைகள் படிப்படியாக மேடையேறினர்.

கம்பெனி நாடகத்துக்கு இணையாக ஸ்பெஷல் நாடகம் என்னும் முறையும் வளர்ந்தது. இதில் நிலையான குழு கிடையாது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், டான்ஸ், ஆர்மோனியக்காரர் என ஒவ்வொருவரும் தனித்தனியாக ஒப்பந்தம் செய்யப்பட்டு, அன்றிரவு மேடையில்தான் ஒன்று சேர்வார்கள். ஒத்திகை இல்லை. ‘வள்ளி திருமணம்’, ‘பவளக்கொடி’, ‘கோவலன்’ போன்ற நாடகங்களின் பாடல்கள் எல்லோருக்கும் பாடம். வசனத்தை அவரவர் திறமைக்கேற்ப அங்கேயே பேசிக்கொள்வார்கள். மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் திருவிழாவின்போது இரவு தொடங்கும் நாடகம் விடியும்வரை நடக்கும். ஒலிபெருக்கி பரவாத காலம் அது. கடைசி வரிசையில் பாய்விரித்து உட்கார்ந்திருப்பவருக்கும் கேட்கும்படி உச்சக் கட்டையில் பாட முடிந்தவரே நிலைத்து நிற்க முடிந்தது.

இந்தச் சூழலில் ஜானகி கதாநாயகியாக உயர்ந்தார். ஒரு நாடகத்துக்கு 300 ரூபாய் பெறும் அளவுக்குப் புகழ் அடைந்தார். கம்பெனியின் ஆர்மோனியக் கலைஞர் குருசாமியை மணந்தார். குருசாமியும் பின்னர் அவரோடு அரசியல் பணியில் ஈடுபட்டார்.

நடிகை மீதான இழிவு

நாடக நடிகைக்கு வருமானம் இருந்தது. சமூக மதிப்பு இல்லை. அறிமுகமில்லாத ஆண்களோடு இரவில் பயணம் செய்வதும், ஊரார் முன் காதல் காட்சியில் நடிப்பதும், பபூனின் கேலிக்கு மேடையிலேயே பதில் கொடுப்பதும் ‘குடும்பப் பெண்’ செய்யக்கூடாதவையாகக் கருதப்பட்டன. நடிகையின் ஆட்டத்தை ரசித்த அதே ஊர் அவளைத் தன் வீட்டுப் பெண்ணாக ஏற்கத் தயங்கியது.

இந்த இழிவுக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வீட்டுக்குள் முடக்கப்பட்ட பெண்களுக்குக் கிடைக்காத சில பழக்கங்கள் நடிகைக்குத் தொழிலாலேயே கிடைத்தன. ஆயிரம் பேர் முன் குரல் நடுங்காமல் நிற்பது, கூட்டத்தின் மனநிலையை அறிந்து பேச்சை மாற்றுவது, கிண்டலுக்கு உடனே பதில் சொல்வது, முன்பின் தெரியாத ஊரில் இரவைக் கழிப்பது ஆகியவை அவை. பிற்காலத்தில் ஜானகி அம்மாள் கிராமம் கிராமமாகச் சென்று கூட்டம் நடத்தியபோது இவையே அவரது முதலாக அமைந்தன.

மேடையில் தேசியம்

1920-களிலிருந்து தமிழ் நாடக மேடை விடுதலை இயக்கத்தின் பிரசார மேடையாகவும் மாறியது. மதுரகவி பாஸ்கரதாஸ் எழுதிய தேசியப் பாடல்கள் புராண நாடகங்களுக்கு நடுவே பாடப்பட்டன. ஸ்பெஷல் நாடகத்தின் அமைப்பு இதற்கு வசதியாக இருந்தது. எழுதி முடித்த வசனம் இல்லாததால் எந்த இடத்திலும் ஒரு பாட்டைச் சேர்க்கலாம். ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் தினைப்புனத்துப் பறவைகளை விரட்டும் காட்சி உண்டு. அங்கே வெள்ளைக் கொக்கைப் பற்றிப் பாடினால் பாட்டு யாரைக் குறிக்கிறது என்று கூட்டத்துக்குப் புரிந்துவிடும். 1876-ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம் அரசுக்குத் தடை செய்யும் அதிகாரம் கொடுத்திருந்தது. ஆனாலும் இரவோடு இரவாக நுழையும் பாட்டைக் கட்டுப்படுத்துவது எளிதாக இல்லை.

வானொலி இதற்கு நேர்மாறானது. சென்னை வானொலி நிலையம் 1938-இலும் திருச்சி நிலையம் 1939-இலும் தொடங்கப்பட்டபோது இரண்டும் அரசின் கையில் இருந்தன. ஆட்சிக்கு எதிரான பாட்டுக்கு அங்கே இடமில்லை. எழுதப்படிக்கத் தெரியாத கிராமத்து மக்களிடம் தேசியச் செய்தியைக் கொண்டுசென்றவை நாடக மேடையும் இசைத்தட்டும்தான்.

விஸ்வநாததாஸுடன் நடித்தல்

வெள்ளைக் கொக்குப் பாட்டால் புகழ்பெற்றவர் எஸ். எஸ். விஸ்வநாததாஸ் (1886–1940). சிவகாசியில் மருத்துவர் சமூகத்தில் பிறந்த இவர் மேடையிலேயே பலமுறை கைதானவர். அவருக்கு இரண்டு எதிர்ப்புகள் இருந்தன. ஒன்று காவல்துறை, மற்றொன்று சாதி. முடிதிருத்தும் தொழில் செய்த சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதால் அவருக்கு ஜோடியாக நடிக்க நடிகைகள் பலர் முன்வரவில்லை. முருகன் வேடத்தில் கும்பிடப்பட்டவருக்கு வேடம் கலைந்தபின் சம மரியாதை கிடைக்கவில்லை.

ஜானகி அம்மாள் அவருடன் நடிக்க முன்வந்தார். மற்றவர் ஒதுக்கிய ஒருவருடன் ஜோடியாக நடிப்பது ஒரு நடிகையின் அடுத்த ஒப்பந்தங்களைப் பாதிக்கக்கூடிய முடிவு. தேசியப் பாடகருடன் மேடை ஏறுவது காவல்துறையின் கவனத்தையும் ஈர்க்கும். அரசியல் கட்சியில் அவர் ஆற்றிய பணிகளுக்கு முன்னோடியாக இந்த முடிவைக் கருதலாம். விஸ்வநாததாஸ் 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் ‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் முருகனாகப் பாடிக்கொண்டிருந்தபோது மேடையிலேயே உயிரிழந்தார்.

அரசியல் வாழ்க்கை

ஜானகி அம்மாள் 1936-இல் காங்கிரஸில் சேர்ந்தார். காங்கிரஸ் சோசலிஸ்ட் கட்சியில் பணியாற்றி, 1940-இல் கம்யூனிஸ்ட் கட்சியில் இணைந்தார். இரண்டாம் உலகப்போரின்போது போர் எதிர்ப்புப் பிரசாரம் செய்ததற்காக இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ் கைது செய்யப்பட்டார். பலமுறை சிறை சென்றார்.

நாடகத்தில் சம்பாதித்த நகைகளையும் பட்டுப்புடவைகளையும் விற்று இயக்கத்துக்குச் செலவிட்டார். நடிகைக்கு நகையும் பட்டும் ஆடம்பரம் மட்டுமல்ல. தொழிலுக்குத் தேவையான பொருட்கள், முதுமைக்கான சேமிப்பு. அவற்றை விற்றது மேடைக்குத் திரும்பும் வழியை அடைத்துக்கொண்டதற்குச் சமம்.

மதுரையின் பஞ்சாலைத் தொழிலாளர்களிடமும், வைகைக் கரையிலுள்ள துவரிமான் போன்ற கிராமங்களின் விவசாயிகளிடமும் அவர் பணியாற்றினார். 1964-இல் கட்சி பிளவுபட்டபோது மார்க்சிஸ்ட் கட்சியில் இணைந்தார். 1967 தேர்தலில் தி.மு.க. தலைமையிலான கூட்டணியில் அக்கட்சியின் வேட்பாளராக நின்று மதுரை கிழக்கில் வென்றார். ஒரு காலத்தில் நாடகம் பார்க்கக் கூடிய மக்களே இப்போது அவருக்கு வாக்களித்தனர். பாப்பா உமாநாத் முதலியோருடன் சேர்ந்து தமிழகத்தில் ஜனநாயக மாதர் சங்கத்தை உருவாக்கினார். தொண்டர்கள் அவரை ‘அம்மா’ என்றே அழைத்தனர். விடுதலைப் போராட்ட வீரர்களுக்கான ஓய்வூதியத்தை அவர் ஏற்கவில்லை. 1992 மார்ச் 1 அன்று காலமானார்.

வரலாற்று இடம்

தமிழகத்தில் நாடகத்திலிருந்தும் திரைப்படத்திலிருந்தும் அரசியலுக்கு வந்தவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோருக்குக் கலைப்புகழ் அரசியல் செல்வாக்காக மாறியது. ஜானகி அம்மாளின் பாதை வேறு. புகழும் வருமானமும் இருந்தபோதே அவற்றை விட்டு, சிறையும் வறுமையும் தரும் அரசியலைத் தேர்ந்தெடுத்தார். மேடையிலிருந்து அவர் கொண்டுவந்தவை குரலும் துணிவும்தான்.

மதுரையின் நடிகைகள் இரவெல்லாம் பாடி, ஊர் ஊராகச் சுற்றி, இழிசொல்லைத் தாங்கித் தங்கள் குடும்பங்களைக் காப்பாற்றினர். அவர்களிலிருந்து ஒருவர் சட்டமன்றம் வரை சென்றார் என்பது அந்த மேடை பெண்களுக்கு அளித்த பயிற்சிக்கும் சான்று. ஜானகி அம்மாளின் வாழ்க்கையில் நாடகத்தை முன்கதையாக ஒதுக்காமல், அரசியலின் முதல் அத்தியாயமாகவே வாசிக்க வேண்டும்.