பகலில் போக ஓர் இடம்

காலை ஆறரைக்கே அம்மா வெளிக்கிட்டு நிற்பா. தோய்த்த சேலை, திருநீறு, கிளினிக் கொப்பி வைத்த பை. "தம்பி, இண்டைக்குச் செவ்வாய் எல்லே?" என்று கேட்பா. செவ்வாயும் வெள்ளியும் எங்கள் பொதுநோக்கு மண்டபத்தில் முதியோர் கூடும் நாட்கள். மற்ற நாட்களிலும் அவ இதையேதான் கேட்பா. வயது 89. எனக்கு 67 ஆகியும் நான் அவவுக்குத் தம்பிதான்.

நான் கிராம அலுவலராக இருந்து 2018இல் ஓய்வுபெற்றவன். ஊரில் இப்பவும் "விதானையார்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதியோருக்காக எத்தனையோ படிவங்கள் நிரப்பியிருக்கிறேன். வருமானம், நோய், பிள்ளைகள் என்று எல்லாவற்றுக்கும் அவற்றில் கட்டம் இருந்தது. பகலில் இந்த மனிசர் எங்கே இருக்கிறார் என்று ஒரு படிவமும் கேட்டதில்லை. அம்மாவைப் பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்தக் கேள்வி எனக்கே வந்தது.

எங்கள் பக்கத்து இரணைமடுக் குளத்தின் வேலை 1902இல் தொடங்கியது. அந்தத் தண்ணீரை நம்பி, யாழ்ப்பாணத்து நெருக்கடியைக் குறைக்க, 1936இல் கிளிநொச்சிக் குடியேற்றம் உருவானது. அம்மா பிறந்ததும் அதே வருசம். 1954இல் ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டு உருத்திரபுரம் பத்தாம் வாய்க்காலுக்கு வந்தபோது அவவுக்குப் பதினெட்டு. காடு வெட்டத் தெம்புள்ளவர்கள் மட்டுமே வந்தார்கள்; தாய் தகப்பன் குடாநாட்டிலேயே நின்றுவிட்டார்கள். "நாங்கள் வரேக்கை இஞ்சை ஒரு கிழடுகட்டை இல்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் எண்டால் கேக்க ஒரு ஆச்சி இல்லை" என்பா அம்மா. முதியவர் இல்லாத ஊராகத்தான் எங்கள் ஊர் பிறந்தது. வாய்க்காலுக்கும் வயலுக்கும் அளவு போட்டவர்கள், வந்தவர்களும் ஒருநாள் கிழவராவார்கள் என்று கணக்குப் போடவில்லை.

அந்தக் கணக்கை ஓரளவு போட்டது பெர்மிட். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்படி கிடைத்த காணியைக் கண்டபடி துண்டாட முடியாது; பின்னுரித்தாளர் என்று ஒருவரை எழுதவேண்டும். தேசவழமையில் வீடு சீதனமாக மகளுக்குப் போவது வழக்கம். பெற்றவர்களும் கடைசிக் காலத்தில் மகளோடு இருப்பார்கள். எங்கள் பக்கத்திலோ பெர்மிட்டில் பெரும்பாலும் மகனின் பெயரே ஏறியது. "காணி ஆருக்கோ, கிழவியும் அவருக்கு" என்று ஐயா பகிடி விடுவார். அந்தப் பகிடியின் பாரம் முழுவதும் மருமகளின் தலையில் இறங்கியது.

ஆனால் அப்போது மருமகள் தனியாகச் சுமக்கவில்லை. எழுபதுகளில் முதல் குடியேறிகள் நரைத்தபோது, அவர்கள் பகலைக் கழிக்க ஊரில் இடங்கள் இருந்தன. காலையில் சனசமூக நிலையத்தில் ஒருவர் பேப்பரை உரத்து வாசிப்பார், கண் தெரியாதவர்கள் சுற்றியிருந்து கேட்பார்கள். பிறகு சங்கக்கடை வாங்கு. வெயில் தாழ்ந்தால் கோயிலில் புராணபடனம்: ஒருவர் பாட்டை வாசிக்க, இன்னொருவர் பயன் சொல்லுவார். பெண்கள் எங்கள் தலைவாசலில் கூடிப் பாய் இழைப்பார்கள். ஒரே பாக்குரல் கைமாறிக்கொண்டிருக்கும். பராமரிப்பு என்ற சொல்லை ஒருவரும் அப்போது சொன்னதில்லை. வாய்க்காலில் முறைத்தண்ணி விடுவதைப்போல, கிழவர்களைப் பார்ப்பதும் வீட்டுக்கு வீடு முறையாக நடந்தது.

1996இல் சத்ஜெய இராணுவ நடவடிக்கையோடு கிளிநொச்சி வெறிச்சோடியது. அக்கராயன், மல்லாவி என்று அலைந்து திரும்பி, 2008இன் கடைசியில் மறுபடி கிழக்கே ஓடினோம். அம்மாவை ரக்டர் பெட்டியில் ஏற்றினேன். ஐயா அந்த வழியிலேயே போய்விட்டார்.

2009இல் செட்டிகுளம் மெனிக்பாம் முகாம். கூடாரங்களெல்லாம் ஒரே மாதிரி இருக்கும். மலசலகூடத்துக்குப் போன கிழவர்களுக்குத் திரும்பி வர வழி தெரியாது. அம்மாவுக்கு அடையாளமாக எங்கள் கூடாரக் கயிற்றில் சிவப்புத் துண்டொன்று கட்டினேன். முகாமிலிருந்து முதலில் வெளியேற அனுமதி கிடைத்தவர்களில் அறுபது தாண்டியவர்களும் இருந்தார்கள். வெளியே போய் ஆரிடம் நிற்பது? ஆதரவில்லாதவர்களை வவுனியாவில் கோவில்குளம் சிவன் கோயில் முதியோர் இல்லம் போன்ற இடங்கள் ஏற்றன. பட்டியலில் பெயர் எழுதும்போது ஒரு ஆச்சி என் பேனையைப் பிடித்துக்கொண்டா: "ஆக்கள் இல்லையெண்டு எழுதாதேங்கோ. எனக்கு ஆக்கள் இருக்கினம்."

மீளக் குடியேறிய ஊரில் திட்ட வீடுகள் எழும்பின. அவற்றில் தலைவாசல் இல்லை. சனசமூக நிலையத்துக்குக் கூரை இல்லை. பிள்ளைகளில் செத்தவர்கள், காணாமல் போனவர்கள், வெளிநாடு போனவர்கள் போக, மிஞ்சிய பெண்பிள்ளைகளை விடிய முன்னம் ஆடைத் தொழிற்சாலை பஸ் ஏற்றிக்கொண்டு போனது. வீட்டில் மிஞ்சியது படலையும் பெத்தாச்சியும்.

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கம். முதியோருக்கான தேசிய சபையும் செயலகமும் அதன்படி வந்தவை. பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக்கூடாது என்கிறது அது. எங்கள் பிரிவில் முதியோர் சங்கம் உயிர்பெற்றது போருக்குப் பிறகுதான். ஒக்டோபர் 1 சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஆகையால் ஆரம்பத்தில் வருசத்துக்கு ஒருநாள், ஒரே மண்டபத்தில், பிள்ளைகளுக்கு இனிப்பு, கிழவர்களுக்குத் துவாய் என்று முடிந்துவிடும். ஒரு முதியவர் எழும்பிக் கேட்டார்: "துவாய் போதும். மண்டபத் திறப்பைத் தருவியளோ?" அப்படித்தான் செவ்வாயும் வெள்ளியும் வந்தன.

ஒன்பதரைக்கு இலைக்கஞ்சி. இளைப்பாறிய தாதியொருவர் பிறசர் பார்த்துக் கொப்பியில் எழுதுவார். பிறகு தாயம், சண்டை, தேவாரம். வீட்டில் ஒரே கேள்வியைப் பத்துத்தரம் கேட்கும் அம்மா, அங்கே புராணத்துக்குப் பயன் சொல்லுகிறவரை இடையில் மறித்துத் திருத்துகிறா. முதல் செவ்வாயன்று அம்மாவை விட்டுவிட்டு வந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. மனைவி பாயில் அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தா. இரவில் மூன்று தரம் எழும்புகிற மனிசி, வருசக்கணக்கில் பகலில் கண்மூடியதில்லை.

இதைப்போலத்தான் சான் பிரான்சிஸ்கோவின் சீனர் பகுதியில் 1970களின் தொடக்கத்தில் 'ஒன் லொக்' என்ற பகல் நிலையம் தொடங்கியது. முதியோர் இல்லத்துக்குப் போக விரும்பாத குடியேறிகள் அங்கே பகலில் சாப்பாடும் வைத்தியமும் பெற்று, மாலையில் வீடு திரும்பினார்கள். அவர்களைக் கூட்டிக்கொண்டு வர வாகனம் இருந்தது. எங்களுக்கு இல்லாதது அதுதான். நடக்க முடியாதவர்களும் படுக்கையில் கிடப்பவர்களும் இன்னும் வீட்டுக்குள்ளேதான். அவர்களைப் பார்க்கும் பெண்களுக்குச் செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை.

எங்கள் ஒழுங்கையில் மூன்று வீட்டார் சேர்ந்து ஓர் ஓட்டோ பிடிக்கிறோம். கூலியும் கூடப் போவதும் முறை வைத்து.

நேற்றுத் திங்கட்கிழமை. அம்மா பையோடு படலையடியில் நின்றா. மனைவி போய்க் கையைப் பிடித்தா.

"நாளைக்கு மாமி. நாளைக்குத்தான் எங்கடை முறை."