கல்லான கூரையும் மண்ணான மரமும்

மாமல்லபுரத்தில் பஞ்சபாண்டவர் இரதங்கள் என்று வழங்கும் ஒற்றைக்கல் கோயில்களுள் வடகோடியில் நிற்பது திரௌபதி இரதம். பல ஆண்டுகளுக்கு முன் செங்கற்பட்டிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவர்களை அங்கே அழைத்துச் சென்றிருந்தேன். ஒரு சிறுவன் நெடுநேரம் அதை நோக்கிவிட்டு, "ஐயா, இது எங்கள் வீட்டுக் கூரையைப் போலவே இருக்கிறதே! கல் கையில் இருக்கும்போது ஏன் குடிசையைச் செதுக்கினார்கள்?" என்று வினவினான். "சிற்பியின் கற்பனை" என்று ஏதோ கூறிச் சமாளித்தேன். அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை.

அச்சிறுவன் கண்டது உண்மையே. திரௌபதி இரதத்தின் விதானம் வேய்ந்த கூரையின் வடிவம். பீம இரதத்தின் மேற்பகுதி, வளைத்துக் கட்டிய நீண்ட வண்டிக்கூடு போன்றது. சிற்பிகள் "கூடு" என்று அழைக்கும் குதிரைலாட வடிவ வளைவுகள், மரத்தையும் மூங்கிலையும் வளைத்து அமைத்த கூரையின் முகப்பைக் கல்லில் காட்டுபவை. ஏழாம் நூற்றாண்டில் உளி பிடித்தவர்களின் கண்முன் நின்ற கட்டடங்கள் பெரும்பாலும் மரத்தாலும் செங்கல்லாலும் ஓலையாலும் ஆனவை. தாம் அறிந்த வீட்டையே அவர்கள் கல்லில் எழுதினார்கள். அசல் வீடுகளில் ஒன்றும் இன்று நம் கண்ணுக்குக் கிடைக்கவில்லை. நகல் மட்டும் நிற்கிறது.

அந்த மரங்களெல்லாம் எங்கே போயின? தீயும் போரும் சில வீடுகளைக் கொண்டுபோயிருக்கும். கறையான் தன் பங்கை உண்டிருக்கும். ஆனால் ஓசையின்றி, ஆண்டுதோறும் ஐப்பசி கார்த்திகையில் வந்து மரத்தைத் தின்ற பகைவன் ஒருவன் உண்டு. பூசணம் என்றும் காளான் என்றும் நாம் அழைக்கும் அச்சிறிய உயிரே அவன். கடற்காற்றின் ஈரமும் வடகிழக்குப் பருவமழையும் சேரும் இக்கரையோரத்தில் அவனுக்கு விருந்துக்குக் குறைவில்லை.

மகேந்திரவர்ம பல்லவன் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் குடைவித்த குகைக்கோயிலில் ஒரு வடமொழிக் கல்வெட்டு உள்ளது. விசித்திரசித்தன் என்னும் பட்டப்பெயர் பூண்ட அவ்வரசன், செங்கல், மரம், உலோகம், சுதை ஆகிய நான்கும் இன்றி அயன், அரன், அரி மூவருக்கும் ஓர் இல்லம் எடுத்ததாக அது கூறுகின்றது. இதைப் புதுமை என்று அவன் பெருமிதம் கொள்வதிலிருந்தே, அதுவரை கோயில்கள் எவற்றால் கட்டப்பட்டன என்பது விளங்குகிறதன்றோ? மரம் உளுத்து விழுவதைக் கண்டு சலித்த தலைமுறையின் குரலாகவே நான் அக்கல்வெட்டைப் படிக்கிறேன்.

மரம் எல்லாவிடத்தும் அழிந்துவிடவில்லை என்பதையும் சொல்லவேண்டும். காவிரிப்பூம்பட்டினத்தை அடுத்த கீழையூரில் 1960-களில் அகழ்ந்தபோது, பழைய படகுத்துறை ஒன்றும், அதனருகே நட்ட மரக்கம்பங்களும் வெளிப்பட்டன. அவை கிறிஸ்து பிறப்பதற்கு முற்பட்டவை. ஈரமான சேற்றில் கிடந்த மரம் ஈராயிரம் ஆண்டு எவ்வாறு தாங்கிற்று? பூசணத்திற்கு நீர் மட்டும் போதாது, காற்றும் வேண்டும். சேற்றுக்கடியில் காற்று இல்லை. வெட்டிய மரத்தை மாதக்கணக்கில் குளத்தில் ஊறப்போட்ட நம் ஊர்ப் பெரியவர்களின் வழக்கத்திலும் இவ்வறிவு அடங்கியிருக்கிறது. நீருக்குள் முழுதும் அமிழ்ந்த மரத்தில் பூசணம் ஏறாது. பூச்சிகளும் பூசணமும் விரும்பும் மாப்பொருளும் கரைந்து வெளியேறும்.

மரத்தின் உள்ளமைப்பைத் தமிழர் நுணுகி அறிந்திருந்தனர். உள்ளே வயிரம் உடையதை மரம் என்றும், புறத்தே வயிரம் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. அக்கணக்கில் பனையும் தென்னையும் புல்லாகும்! வகுப்பில் இதைச் சொன்னால் சிரிப்பொலி எழும். ஆனால் தச்சர் சிரிப்பதில்லை. பனையைப் பிளந்து, உட்சோற்றைச் செதுக்கியெறிந்து, கறுத்த புறவயிரத்தை மட்டுமே கைமரமாக வைப்பார். தேக்கிலோ இதற்கு நேர்மாறாக வெளிப்புற வெளிற்றை நீக்கி, உள் வயிரத்தைக் கொள்வார். முதலில் பூசணம் பற்றுவது சோறும் வெளிறுமே.

உளுத்த மரத்தில் காளான் முளைக்கிறது என்றே உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. காளான் புகுந்ததனால்தான் மரம் உளுக்கிறது என்று 1870-களில் காட்டியவர் இராபர்ட் ஹார்ட்டிக் என்ற ஜெர்மானிய அறிஞர். காரணத்தையும் விளைவையும் மாற்றிப் பிடித்திருந்தோம். நானும் ஒருமுறை அவ்வாறே செய்தேன்.

நான் பணியாற்றிய பள்ளி ஒன்றில் ஓட்டுக்கூரையிட்ட புதிய வகுப்பறை எழும்பிக்கொண்டிருந்தது. மேற்பார்வை என்னிடம் இருந்தது. மழைக்காலத்தில் கைமரங்களை வெறுந்தரையில் அடுக்கித் தார்ப்பாயால் இறுக மூடிவைத்தோம். பாயை நீக்கியபோது வெள்ளையும் பச்சையுமாய்ப் பூசணம் படர்ந்திருந்தது. திறப்பு விழாவுக்கு நாள் குறித்தாகிவிட்டது. "துடைத்துவிட்டு வண்ணம் பூசிவிடுங்கள்" என்றேன். முதிய தச்சர், "வாத்தியாரையா, மரம் தண்ணி குடிச்சிருக்கு. ஒரு மாசம் காத்தாட விடுங்க" என்றார். நான் கேட்கவில்லை. மூன்றாம் ஆண்டு ஐப்பசியில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சுவருக்குள் செருகியிருந்த நுனியில் ஒரு கைமரம் முறிந்து, ஓடுகள் ஆறாம் வகுப்பின் முதல் இரண்டு பலகைகள்மேல் விழுந்தன. மறுநாள் திங்கள். அவ்விரு பலகைகளில் அமரும் எட்டுப் பிள்ளைகளின் முகங்களும் எனக்கு இன்றும் நினைவில் உள்ளன.

மேலே தெரிந்த பூசணம் கூரையை வீழ்த்தவில்லை. அது மரத்தின் மேற்பரப்பில் உள்ள சர்க்கரையையும் மாவையும் உண்பது. மரத்தின் வலிமையைப் பெரிதும் குறைப்பதன்று. "இம்மரத்தில் ஈரம் இருக்கிறது" என்று அது அறிவித்தது. நானோ அறிவிப்பை அழித்து, வண்ணப்பூச்சால் ஈரத்தை உள்ளே அடைத்தேன். மரத்தின் நாரையே உண்ணும் வேறுவகைக் காளான் பின்னர் மெல்ல வேலை செய்தது. மரத்தின் ஈரம் நூற்றுக்கு இருபது பங்குக்குக் கீழ் நின்றால் அக்காளான் வளர இயலாது.

நான் அன்று செய்திருக்க வேண்டியது எளிது. மரங்களைத் தரையிலிருந்து உயர்த்தி, ஒவ்வோர் அடுக்குக்கும் இடையே சிறு கட்டைகள் வைத்து, மேலே மட்டும் மறைப்பிட்டு நிழலில் உலர்த்தியிருக்க வேண்டும். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொண்டு, வெட்டவெளியில் சோப்புநீர்த் துணியால் பூசணத்தைத் துடைத்து, உலர்ந்தபின் இழைப்புளியால் ஒரு சீவு சீவியிருக்க வேண்டும். பின்பு குத்தூசியால் குத்திப் பார்த்தால், உறுதியாக நிற்பது நல்ல மரம். ஊசி எளிதில் இறங்கினால் அத்துண்டு அடுப்புக்கே உரியது. சலவைத்தூள் நீரை ஊற்றுவோர் உண்டு. கறை மறையும், ஈரமோ கூடும்.

மருந்தும் உண்டு. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சொண்டி காமேசம் என்ற நம் நாட்டவர் 1933-இல் செம்பு, குரோமியம், ஆர்சனிக் ஆகியவற்றின் உப்புகளைச் சேர்த்து ஒரு மரக்காப்பு மருந்தைக் கண்டார். உலகெங்கும் கம்பங்களும் வேலிக்கால்களும் அதனால் நெடுநாள் நின்றன. நம் பாடநூல்களில் அவர் பெயர் காணாதது எனக்கு நெடுநாள் வருத்தம். எனினும் ஆர்சனிக் நஞ்சாதலின், அமெரிக்காவில் 2003-ஆம் ஆண்டின் இறுதியோடு வீட்டு மரங்களுக்கு அதனைக் கைவிட்டனர். வீட்டினுள் மழை படாத மரத்திற்கு வெங்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் இன்று பயன்படுகிறது. மழை பட்டால் அது கரைந்துபோம்.

முறிந்த கைமரத்தின் நுனியை நான் எறியவில்லை. அடுத்த முறை மாமல்லபுரம் சென்றபோது அதைப் பையில் எடுத்துச் சென்றேன். திரௌபதி இரதத்தின் முன்னே மாணவர்களை நிறுத்தி, முன்பு ஒரு சிறுவன் கேட்ட கேள்வியைச் சொல்லி, அத்துண்டைக் கைமாற்றிக் கொடுக்கச் செய்தேன். ஒவ்வொருவனும் விரலால் அழுத்திப் பார்த்தான். பழுப்புத் தூள் மணலில் உதிர்ந்தது. வண்டியேறும்போது பாதித் துண்டே என் கைக்குத் திரும்பி வந்தது.