நொய்யலின் கடைமடை

நதிமூலம், ரிஷிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். நம்ம நொய்யலைப் பொறுத்தவரை மூலத்தைப் பார்த்தால் கண்ணுக்குக் குளிர்ச்சிதான். பார்க்க வேண்டியது அதன் முடிவை. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஏறக்குறைய 180 கிலோமீட்டர் ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேர்கிற ஆறு இது. இதைக் காக்கும் போராட்டத்தின் கடினமான பகுதியைச் சுமந்தவர்கள் கடைமடைக்காரர்கள். தண்ணீர் சுத்திகரிப்புத் துறையில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் அந்த வரலாற்றை நம் மலரில் எழுதி வைக்க ஆசைப்பட்டேன்.

நொய்யலுக்குப் பழைய பெயர் காஞ்சிமாநதி. பேரூர்ப் பட்டீசுவரர் கோயில் இதன் கரையில்தான் இருக்கிறது. ஆற்றின் குறுக்கே அணைக்கட்டு, அங்கிருந்து வாய்க்கால், வாய்க்காலின் முடிவில் குளம், குளம் நிரம்பினால் மிச்சம் அடுத்த குளத்துக்கோ மறுபடி ஆற்றுக்கோ போகும். இதுதான் நம் முன்னோர் செய்த ஏற்பாடு. உக்கடம் பெரியகுளம், குறிச்சி, சிங்காநல்லூர், சூலூர்க் குளங்கள் எல்லாம் இந்தச் சங்கிலியின் கண்ணிகள். சில நாள் வருகிற வெள்ளத்தை நிலத்தடியில் சேமித்து, வருஷம் பூராவும் கிணற்றில் எடுத்துக்கொள்ளும் கணக்கு!

பிறகு திருப்பூர் வளர்ந்தது. பனியன் கம்பெனிகளோடு சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் ஏற வேண்டுமானால் தொட்டியில் உப்புப் போட வேண்டும். சாயத்தைத் துணியின் பக்கம் தள்ளுவதே அந்த உப்புதான். வேலை முடிந்ததும் அது துணியில் தங்காது, கழிவுநீரோடு வெளியே வந்துவிடும். சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் கலந்தால் நிறம் அடங்கும், கசடு படியும். உப்பு மட்டும் போகாது. லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்பு இருக்கக் கூடாது என்பது விதி. தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும், வாயில் வைத்தால் கரிக்கும். அதைப் பாய்ச்சினால் சோடியம் ஏறி மண் இறுகிப்போகும், அப்புறம் மழைத்தண்ணிகூட உள்ளே இறங்காது.

இந்தச் சமயத்தில்தான், 1992இல், திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையம் அணை கட்டி முடிந்தது. பாசனத்துக்கென்று கட்டிய அணை சில வருஷங்களிலேயே சாயக்கழிவு தேங்கும் தொட்டியாகிவிட்டது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின. தண்ணீர் விடு என்று கேட்கும் விவசாயியை நாடெங்கும் பார்க்கலாம். இந்தத் தண்ணி எங்களுக்கு வேண்டாம், அணையில் தேக்கவே தேக்காதே என்று விவசாயி கேட்கும் நிலை இங்கே வந்தது!

1996இல் வேலூர் பகுதித் தோல் தொழிற்சாலைகள் பற்றிய வழக்கில், கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன்படி அமைந்த ஆணையம் 2004இல் நொய்யல் விவசாயிகள் 28 ஆயிரத்துக்கும் மேற்பட்டோருக்குச் சுமார் 24.8 கோடி ரூபாய் நஷ்டஈடு என்று முடிவு செய்தது. பங்கு போட்டுப் பாருங்கள், சராசரியாக ஆளுக்கு ஒன்பதாயிரம்கூட வராது. கெட்டுப்போன நிலத்துக்கு அது எந்த மூலைக்கு?

ஆனால் அவர்கள் பணத்தோடு நிற்கவில்லை. நொய்யல் ஆற்று ஆயக்கட்டுதாரர் பாதுகாப்புச் சங்கம் 2003இல் சென்னை உயர் நீதிமன்றம் போனது. கேட்டது ஒன்றுதான்: ஆற்றில் கழிவு விழக் கூடாது. 2006 டிசம்பரில், கழிவை அறவே வெளியேற்றாத நிலை வரும்வரை லிட்டருக்கு இத்தனை பைசா என்று அபராதம் கட்ட உத்தரவு வந்தது. 2009இல் உச்ச நீதிமன்றமும் விவசாயிகள் பக்கமே நின்றது. அப்படியும் கழிவு நிற்காததால், 2011 ஜனவரி 28 அன்று எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகளை மூடச் சொன்னது உயர் நீதிமன்றம்.

அந்த மாதங்களைத் திருப்பூர்க்கார நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். வேலையில்லாமல் ஊர் திரும்பிய தொழிலாளிகள் எத்தனையோ பேர். ஒருவர் பிழைப்பா, இன்னொருவர் நிலமா என்று கேட்கும் கட்டம் வந்ததற்குக் காரணம், முன்பே செய்திருக்க வேண்டியதைத் தள்ளிப்போட்டதுதான்.

பிறகு நடந்தது என்ன? கழிவுநீரை அழுத்தத்தோடு சவ்வு வழியே செலுத்தி, மிச்ச உப்புநீரை ஆவியாக்கி, தண்ணீரையும் உப்பையும் திரும்பச் சாயத் தொட்டிக்கே அனுப்பும் முறை பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் வந்தது. அரசும் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. செலவு அதிகம்தான், மின்சாரமும் எரிபொருளும் தின்னும். பிரிக்க முடியாத கலப்பு உப்பு மூட்டைகள் இன்னும் தலைவலிதான். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். சவ்வும் ஆவியாக்கியும் 2011இல் கண்டுபிடித்தவை அல்ல, அதற்கு வெகுகாலம் முன்பே இருந்தவை. நம் பொறியியல் தானாக ஆற்றங்கரைக்கு வரவில்லை. அதைக் கையைப் பிடித்து இழுத்து வந்தவர்கள் ஆயக்கட்டுதாரர்கள்.

மேல்பகுதியிலும் மக்கள் சும்மா இருக்கவில்லை. கோவையில் 2003இல் தொடங்கிய சிறுதுளி அமைப்பு பொதுமக்களோடு சேர்ந்து குளங்களைத் தூர்வாரியது. திருப்பூரில் 2015இல் தொடங்கிய ‘வனத்துக்குள் திருப்பூர்’ மரம் வளர்க்கிறது. நொய்யலின் துணையாறான நல்லாற்றில் இருக்கும் நஞ்சராயன் குளம் 2022இல் பறவைகள் சரணாலயமாகி, 2024இல் ராம்சர் பட்டியலிலும் இடம் பிடித்தது. சாயநகரத்தின் எல்லையில் வலசைப் பறவை இறங்குகிறது என்றால், சும்மா சொல்லக் கூடாது, பெருமைதான்!

இதனால் வேலை முடிந்தது என்று அர்த்தமில்லை. நகரச் சாக்கடை இன்னும் ஆற்றில் கலக்கிறது. நம் கல்லூரியில் படித்தவர்கள் ஆலையிலும் அரசுத் துறையிலும் நகராட்சியிலும் பொறுப்பில் இருக்கிறார்கள். ஒரு திட்டத்துக்குக் கையெழுத்துப் போடும் முன் ஆய்வுக்கூட அறிக்கையைப் பாருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. கூடவே கடைமடையில் இருக்கிற விவசாயியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். தண்ணீர் சரியில்லை என்பதை முதலில் சொன்னவர் அவர்தான்.