சுழலும் தட்டும் சுழலா நினைவகமும்

சென்ற ஆண்டிறுதி விடுமுறையில் என் வீட்டுக் கணினி தளர்ந்துவிட்டது. பொத்தானை அழுத்திவிட்டுத் தேநீர் கலக்கிக் குடித்து முடித்த பின்னரே திரை விழித்தெழும். அத்தோடு பெட்டியினுள்ளிருந்து ‘டக், டக்’ என்றோர் ஒலியும் கேட்கத் தொடங்கிற்று. எங்கள் பள்ளியின் இளம் ஆசிரியர் ஒருவர் காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, “ஐயா, வன்தட்டு போகப் போகிறது. எஸ்.எஸ்.டி. மாற்றிவிடுங்கள்” என்றார்.

கணினி போவது பற்றி எனக்குக் கவலையில்லை. அவ்வன்தட்டில் இருந்தவையே என் கவலை. நான் முன்னர்ப் பணியாற்றிய தோட்டப் பள்ளியொன்றின் மாணவர் சேர்க்கைப் பதிவேடுகளை, 1950-களில் எழுதப்பட்டவை தொடங்கி, பக்கம் பக்கமாகப் படமெடுத்து அதில் சேர்த்து வைத்திருந்தேன். மூலப் பதிவேடுகளில் பெரும்பகுதியைப் பின்னர்க் கரையான் தின்றுவிட்டது. பிறந்த நாளுக்கு வேறு சான்றில்லாத முதியவர் இருவர், தம் பெயர் எழுதிய பக்கத்தின் படியை என்னிடம் வந்து பெற்றுச் சென்றிருக்கின்றனர். ஆகவே, அந்த உறுப்பைக் கழற்றுவதற்கு முன் அதன் வரலாற்றைப் படிக்கத் தலைப்பட்டேன். எதையும் தொடக்கத்திலிருந்து அறிந்தாலன்றி அமைதியுறாத ஆசிரியன் மனம், வேறென்ன செய்யும்?

படித்த பொழுது முதலில் எதிர்ப்பட்டவரும் ஓர் ஆசிரியரே. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் உயர்நிலைப் பள்ளியொன்றில் அறிவியல் கற்பித்த ரெனால்ட் ஜான்சன், விடைத்தாள் திருத்தும் சுமையைக் குறைக்க ஒரு கருவி செய்தார். பென்சிற்கரி மின்சாரத்தைக் கடத்தும். எனவே சரியான கட்டத்தில் மாணவன் கருமையிட்டிருந்தால் மின்னோட்டம் அதைக் காட்டிக்கொடுக்கும் என்பதே அதன் தத்துவம். அக்கருவியை விரும்பிய ஐ.பி.எம். நிறுவனம் 1934-இல் அவரையே பணிக்கு அமர்த்திக்கொண்டது. நம் பிள்ளைகள் தேர்வில் 2பி பென்சிலால் கட்டங்களைக் கருமையாக்கும் பொழுதெல்லாம் இனி எனக்கு இவர் நினைவு வரும்.

1952-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் ஆய்வுக்கூடம் ஒன்றை அமைக்க ஐ.பி.எம். அவரை அனுப்பிற்று. அங்கு உருவானதே 1956-இல் வெளிவந்த ‘ரமாக்’ என்னும் கணினியின் வன்தட்டகம். 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகள், நிமிடத்திற்கு 1,200 முறை சுழன்றன. ஒரு டன் எடையுள்ள அவ்வமைப்பு தாங்கியது 50 இலட்சம் எழுத்துகளை. இன்று கைப்பேசி எடுக்கும் ஒற்றை நிழற்படமே அவ்விடத்தை நிரப்பிவிடக்கூடும். ஆயினும் அதற்கு முன் துளையட்டைக் கட்டுகளையும் காந்த நாடாச் சுருள்களையும் வரிசையாகப் புரட்டியே தகவலைத் தேடினர். நடுப்பக்கத்தை நேராகத் திறக்கும் வசதியைத் தந்தது சுழலும் தட்டுதான்.

அத்தட்டு சுருங்கிச் சுருங்கி 1980-இல் 5¼ அங்குலமாயிற்று; அவ்வாண்டு சீகேட் நிறுவனம் 5 மெகாபைட் கொள்ளளவில் அதை மேசைக் கணினிகளுக்காகச் செய்தது. 1982-இல் அந்நிறுவனம் சிங்கப்பூரில் ஆலை திறந்தது. பிறவும் பின்தொடர, 1980-களின் பிற்பகுதியில் வன்தட்டு உற்பத்தியில் சிங்கப்பூரே உலகில் முதலிடம் பெற்றது. பினாங்கிலோ, பாயான் லெப்பாஸ் சுதந்திர வர்த்தக வட்டாரத்தில் 1972-இலேயே இன்டெல் முதலிய மின்னணு நிறுவனங்கள் காலூன்றியிருந்தன. வன்தட்டுத் தொழிலும் பின்னர் அங்கு வந்து சேர்ந்தது.

என் தமக்கையார் 1990-களில் அங்கு ஓர் ஆலையில் பணியாற்றியவர். வீட்டில் நாங்கள் அதைக் ‘கிலாங் வேலை’ என்றே அறிவோம். தலைமுதல் கால்வரை வெள்ளையங்கி பூண்டு, நுண்ணோக்கியில் கண் பதித்து, வன்தட்டின் எழுதுமுனைகளைச் சோதிப்பதே அது. அம்முனை தட்டைத் தொடுவதில்லை. தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கினும் குறைந்த இடைவெளியில், சுழலும் தட்டின் மேல் காற்றில் மிதந்து செல்கிறது. ஒரு தூசி போதும், இரண்டையும் கெடுக்க. “மை பூசிக்கொண்டு போகக்கூட எங்களை விடமாட்டார்கள்” என்று அவர் சொன்னதன் பொருள் எனக்கு இப்பொழுதுதான் விளங்கிற்று.

சுழல்வதே அதன் ஆற்றல். சுழல்வதே அதன் குறையும். நிமிடத்திற்கு 7,200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு எடுத்துக்கொள்வது ஏறத்தாழ 8 மில்லி விநாடி. வேண்டிய இடம் முனையின் கீழ் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். முனையைத் தாங்கும் கை நகர்வதற்கும் நேரமாகும். ஆக, சிதறிக் கிடக்கும் தகவல்களை ஒரு விநாடியில் ஏறத்தாழ நூறு இடங்களிலிருந்தே அது பொறுக்க இயலும். கணினி தொடங்குகையில் பல்லாயிரம் சிறு கோப்புகளைத் தேடுகிறது. என் தேநீர் ஆறியதன் காரணம் இதுதான்.

சுழலா நினைவகத்தின் கதை வேறோர் இடத்தில் தொடங்குகிறது. 1967-இல் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டாவோன் காங், சைமன் ஸீ இருவரும், மின்காப்புப் படலத்தினுள் எலக்ட்ரான்களைச் சிறைவைத்து நினைவாகப் பயன்படுத்தலாம் எனக் காட்டினர். மின்சாரம் நின்ற பின்னும் அவை அங்கேயே இருக்கும். 1971-இல் இன்டெல்லின் டோவ் ஃபுரோமன் இம்முறையில் ஒரு சில்லை உருவாக்கினார். அதை அழிக்கப் புறவூதா ஒளியில் காட்ட வேண்டியிருந்தது. ஜப்பானில் தோஷிபா நிறுவனத்தின் பொறியாளர் ஃபுஜியோ மசுவோக்காவே, பெருந்தொகுதியை மின்சாரத்தாலேயே ஒரே நொடியில் அழிக்கும் வழியைக் கண்டவர். நிழற்படக் கருவியின் ஒளிவெட்டை ஒத்திருந்ததால் உடன் பணியாற்றிய ஒருவர் அதற்கு ‘ஃபிளாஷ்’ எனப் பெயர் சூட்டினார். 1984-இல் அதை உலகிற்கு அறிவித்த மசுவோக்கா, 1987-இல் இன்னும் நெருக்கமாகச் சேமிக்கும் ‘நேண்ட்’ வகையையும் வெளியிட்டார். இன்றைய எஸ்.எஸ்.டி.யின் உள்ளே இருப்பது அவ்வகையே.

அவருக்கு உரிய சிறப்பை நிறுவனம் தரவில்லை என்பது அவர் மனக்குறை. 1994-இல் தோஹோக்கு பல்கலைக்கழகத்திற்குச் சென்றுவிட்ட அவர், 2004-இல் தம் கண்டுபிடிப்பிற்குரிய ஊதியம் கேட்டு வழக்குத் தொடுத்தார். 2006-இல் 8 கோடியே 70 இலட்சம் யென் என்னும் தொகைக்கு அது தீர்ந்தது. அதனால் விளைந்த வணிகத்தை நோக்க, அஃது ஒரு துளி.

1991-இல், பின்னர் சான்டிஸ்க் எனப் பெயர் மாறிய சன்டிஸ்க் நிறுவனம், 20 மெகாபைட் கொண்ட ஃபிளாஷ் நினைவகத்தை ஐ.பி.எம்.முக்குச் செய்து கொடுத்தது. விலை ஏறத்தாழ 1,000 அமெரிக்க வெள்ளி. பொதுமக்கள் வாங்கத்தக்க நிலை வர மேலும் பல ஆண்டுகள் ஆயின. வந்தபொழுது அதன் அதிர்ச்சி நம் நாட்டிலும் உணரப்பட்டது. 2018 ஜூலையில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், பெட்டாலிங் ஜெயாவிலிருந்த தன் வன்தட்டு ஆலையை 2019 இறுதிக்குள் மூடவிருப்பதாகவும், பினாங்கில் எஸ்.எஸ்.டி. உற்பத்தியைப் பெருக்கவிருப்பதாகவும் அறிவித்தது. ஓர் ஊரில் கதவு சாத்தி, மறு ஊரில் கதவு திறந்தது.

இனி, என் மேசைக்கு வருகிறேன். வாங்கிய எஸ்.எஸ்.டி. 2½ அங்குல வகை, உள்ளங்கையில் அடங்கிற்று, எடையே இல்லை. மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, உடம்பின் நிலைமின்சாரம் கழியப் பெட்டியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டுக்கொண்டே இளம் ஆசிரியர் வேலையைத் தொடங்கினார். 3½ அங்குல வன்தட்டிற்கான இடத்தில் இது ஆடும் என்பதால் ஒரு தாங்கியில் வைத்துத் திருகினார். தகவலுக்கு 7 முனைகள் கொண்ட மெல்லிய கம்பி, மின்சாரத்திற்கு 15 முனைகள் கொண்ட அகன்ற கம்பி, ஆக இரண்டே இணைப்புகள். இரண்டும் ‘எல்’ வடிவின, திருப்பிச் செருக இயலாது. பத்து நிமிடத்தில் முடிந்தது.

முடியாதது வேறு. பழைய தட்டை அப்படியே படியெடுக்க முயன்ற மென்பொருள் பாதி வழியில் நின்றுவிட்டது. நல்லவேளையாக, அதற்கு முன்னரே பதிவேட்டுப் படங்களைத் தனியே ஒரு வெளி வட்டில் படியெடுத்திருந்தோம். ஆதலால் இயங்குதளத்தைப் புதிய நினைவகத்தில் புதிதாகவே நிறுவினோம். பயாஸ் அமைப்பில் தொடக்க வரிசையை மாற்றியதும், இருபது விநாடிக்குள் திரை எழுந்தது. நான் மகிழ்ந்திருக்க வேண்டும். படங்களை எண்ணிப் பார்த்த பொழுது, 11 பக்கங்கள் திறக்கவில்லை.

“இது பழைய தட்டைப் போல் சத்தம் போடாது, ஐயா. நின்றால் நின்றதுதான்” என்றார் இளம் ஆசிரியர். உண்மைதான். வன்தட்டு எனக்கு இரண்டு மாதம் முன்னறிவிப்புத் தந்தது. எஸ்.எஸ்.டி. பெரும்பாலும் சொல்லாமல் போகும். அதில் அழித்த கோப்பை மீட்பதும் அரிது. அழித்த இடத்தை அதுவே துடைத்து வைத்துக்கொள்கிறது. மின்சாரமின்றி நெடுங்காலம் அலமாரியில் கிடந்தால் சிறைவைத்த எலக்ட்ரான்கள் மெல்லக் கசியும். தேய்ந்த நினைவகமாயின் விரைவாகவே கசியும். வெப்பம் அதை இன்னும் விரைவுபடுத்தும். நம் நாட்டு வெப்பத்தைச் சொல்ல வேண்டுவதில்லை. ஆகவே பதிவேட்டின் படியொன்றைப் புதிய நினைவகத்திலும், மற்றொன்றை வெளி வன்தட்டிலும் வைத்திருக்கிறேன். முன்னதைப் பெட்டியில் பூட்டி வைப்பதில்லை.

பழைய வன்தட்டைத் தமக்கையாரிடம் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு புரட்டிப் பார்த்தார். “இதற்குள்ளேதான் எங்கள் கண் போயிற்று” என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

திறக்காத 11 பக்கங்களின் எண்களைக் குறித்துக்கொண்டு தோட்டப் பள்ளிக்குப் போனேன். கரையான் விட்டுவைத்த பதிவேடுகளில் அவற்றுள் நான்கு பக்கங்கள் இருந்தன. அன்றே படமெடுத்துவிட்டேன். எஞ்சிய ஏழும் 1957-ஆம் ஆண்டில் சேர்ந்த பிள்ளைகளுடையவை.