பாரிஸ் நடைபாதையும் நாய் வளர்ப்போர் கடமையும்

2000ஆம் ஆண்டு பாரிஸுக்கு வந்த முதல் கிழமையே ஒன்றைக் கவனித்தேன். இந்த நகரத்து மக்களும் எங்களைப் போலவே நிலத்தைப் பார்த்துத்தான் நடந்தார்கள். வன்னியில் நாங்கள் மிதிவெடிக்குப் பயந்து நிலம் பார்த்தோம். இவர்கள் நாய் மலத்துக்காகப் பார்த்தார்கள். அப்போது இதை நண்பர்களிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

மச்சான் வந்த பிறகு அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது. 2009இல் இரண்டு கால்களையும் இழந்தவர் அவர். சக்கர நாற்காலியின் சில்லில் ஒட்டுவது, சில்லை உருட்டும் கைக்கு வரும். பிறகு வீட்டுக்குள் வரும். கால் உள்ளவன் சப்பாத்தை வாசலில் கழற்றி விடலாம். அவர் எதைக் கழற்றுவது?

அந்த நாட்களில் பச்சை நிற மோட்டார் சைக்கிள்கள் நடைபாதையில் ஓடித் திரியும். மலத்தை உறிஞ்சி எடுக்கும் குழாய் பூட்டியவை. சிராக் நகரபிதாவாக இருந்த 1982இல் அவை அறிமுகமாகின. செலவோ பெரிது, அள்ளியதோ ஐந்தில் ஒரு பங்கு என்றார்கள். நாய்க்காரர் நடந்து போக, பின்னால் மாநகரசபை அள்ளிக்கொண்டு வருவது எத்தனை நாளைக்கு? 2002இல் தண்டப்பணத்தை இறுக்கினார்கள், 2004இல் மோட்டார் சைக்கிள்களை நிறுத்தினார்கள். பொறுப்பு நாயின் கயிற்றைப் பிடித்திருப்பவர் கைக்கு வந்தது. இன்று தண்டம் 135 யூரோ. ஆனால் கையும் மெய்யுமாகப் பிடிபட்டால்தான். தெற்கே பெசியே நகரம் 2023இல் நாய்களின் மரபணுவைப் பதிந்து, மலத்தை வைத்தே உரிமையாளரைக் கண்டுபிடிக்க முயன்றது. நியூயோர்க்கில் 1978 ஓகஸ்ட் முதலே அள்ளுவது சட்டம்.

இதையெல்லாம் எழுதும் எனக்கும் ஒரு நாய் உண்டு. 1995 இடம்பெயர்வில் வளவில் விட்டுவந்த நாயை நினைத்துத்தான், மகன் கேட்டபோது மறுக்கவில்லை. போன மாதம் எங்கள் தொடர்மாடியின் லிப்ட் அருகே ஒரு முறைப்பாட்டுக் கடிதம் ஒட்டியிருந்தது. நாய் வைத்திருப்பது நான்கு வீடுகள். மகனைக் கேட்டேன். "மழை வந்தால் கழுவிக்கொண்டு போகும்தானே அப்பா" என்றான்.

போகாது. நாயின் குடலில் வாழும் டொக்ஸோகாரா என்ற வட்டப்புழுவின் முட்டைகள் மலத்தோடு வருகின்றன. மழையில் மலம் கரைந்தாலும் முட்டை மண்ணில் தங்கும், ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். மண்ணில் விளையாடும் பிள்ளை கையை வாயில் வைத்தால் உள்ளே போகும். அபூர்வமாகக் கண்பார்வையையும் கெடுக்கும். ஒரு நல்ல விஷயம், புதிதாக விழுந்த முட்டை உடனே தொற்றாது. அதற்கு இரண்டு, மூன்று கிழமை வேண்டும். ஆகவே உடனே அள்ளினால் ஆபத்தும் அதோடு போய்விடும்.

எங்கள் ஆட்கள் சிலர் "பசளைதானே" என்பார்கள். முற்றம் மெழுகிய மாட்டுச் சாணமும் இதுவும் ஒன்றல்ல. மாடு புல் தின்கிறது. இறைச்சி தின்னும் நாயின் கழிவை மரக்கறித் தோட்டத்துக்குப் போடக்கூடாது.

செய்யவேண்டியது சின்ன வேலை. பையைக் கையுறை போல மாட்டி, அள்ளி, உட்புறம் வெளியே வர உரித்து, முடிச்சுப் போட்டுக் குப்பைத் தொட்டியில் போடுங்கள். சிலர் முடிச்சுப் போட்ட பையை மரத்தடியில் வைத்துவிட்டுப் போகிறார்கள். அதற்கு அள்ளாமலே விட்டிருக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாய்க்குப் பூச்சிமருந்து கொடுங்கள். நாயைக் கூட்டிப்போவது பிள்ளை என்றால், ஒரு நாளாவது பின்னால் போய்ப் பாருங்கள். நான் போய்ப் பார்த்திருக்கவில்லை.

அந்தக் கடிதத்தின் கீழே எங்கள் வீட்டு இலக்கத்தை எழுதி மன்னிப்புக் கேட்டேன். இப்போது காலையில் நாயோடு நான் போகிறேன், மாலையில் மகன், சட்டைப்பையில் பையோடு. ஞாயிற்றுக்கிழமை மச்சான் சாப்பிட வருவார். சில்லுத் துடைக்க வாளியில் தண்ணீரும் துணியும் இன்னமும் வாசலில்தான் வைக்கிறோம்.