காபி ஹவுஸில் யார் முதலாளி?

பெங்களூர் எம்.ஜி. ரோட்டில் இருந்த பழைய காபி ஹவுஸுக்குப் போனவர்களுக்கு வெள்ளை யூனிஃபார்மும் தலைப்பாகையுமாக வரும் சர்வர்களை ஞாபகம் இருக்கும். பார்க்க ஏதோ ராஜா காலத்து வேலைக்காரர் மாதிரி இருப்பார்கள். ஆனால் அந்தக் கடையின் முதலாளிகளே அவர்கள்தான்! ரொம்ப நாள் எனக்கும் இது தெரியாது.

கதை 1930களில் ஆரம்பிக்கிறது. உலகப் பொருளாதார மந்தத்தில் காபி தேங்கிப்போனது. உள்நாட்டிலேயே விற்றுப் பார்க்கலாம் என்று காபி செஸ் கமிட்டி 1936ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் காபி ஹவுஸைத் திறந்தது. பிறகு காபி போர்டு பல ஊர்களில் கிளைகளை நடத்தியது. 1950களின் நடுவில் அதே போர்டு கடைகளை மூட முடிவு செய்ய, ஊழியர்கள் நடுத்தெருவில் நின்றார்கள்.

வழக்கமாக இந்த இடத்தில் கதை முடிந்துவிடும். இங்கே முடியவில்லை. மூடுகிற கடையை நீங்களே எடுத்து நடத்துங்கள் என்றார் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே. கோபாலன். 1957 ஆகஸ்ட் 19ல் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம் உருவானது. அக்டோபர் 27ல் டெல்லியில் கடை திறந்தார்கள். 1958ல் திருச்சூர். கல்கத்தா காலேஜ் ஸ்ட்ரீட் காபி ஹவுஸும் தொழிலாளர் கைக்கு வந்தது.

கூட்டுறவில் கணக்கு எளிது. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஒருவருக்கு ஒரு ஓட்டுதான். நிர்வாகக் குழுவை உறுப்பினர்களே தேர்ந்தெடுக்கிறார்கள். மேஜை துடைக்கச் சேர்ந்தவர் மேனேஜர் வரை உயரலாம். மிச்சப்படும் பணம் தனி ஒருவர் வீட்டுக்குப் போவதில்லை.

ஏழை பணக்காரன் வித்தியாசத்தை நாம் சம்பளத்தில் மட்டும் பார்க்கிறோம். இருபது வருடம் எல்லோரும் சேர்ந்து உழைத்த பிறகு லாபம் யார் பெயரில் சேர்ந்திருக்கிறது என்பதுதான் பெரிய வித்தியாசம். காபி ஹவுஸ் தொழிலாளர்கள் கை வைத்தது அங்கேதான்.

ஆனால் ஒன்றை அவர்களால் மாற்ற முடியவில்லை. வியாபாரம் அவர்களுடையது, எம்.ஜி. ரோடு இடமோ வாடகை. சுமார் ஐம்பது வருடம் நடத்திய கடையை 2009ல் காலி செய்துவிட்டு சர்ச் ஸ்ட்ரீட்டுக்குப் போனார்கள். சாலைக்குச் சாலை நிலத்தின் விலை ஏறிய ஊரில், மலிவு விலைக் காபி எவ்வளவு வாடகையைத்தான் தாங்கும்? முதலாளி இல்லாமல் கடை நடத்த முடியும் என்று நிரூபித்தவர்களையும் நிலத்தின் சொந்தக்காரர் அசைத்துவிட முடிகிறது.

வருடா வருடம் அக்ரிமென்ட் புதுப்பிக்கும் நமக்கு இதை விளக்கவா வேண்டும்?